தலைகீழாக வெட்டிய நாலு துண்டு

சாப்பாட்டில் முடி கிடந்தது. தலைமுடி என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது சாம்பல் நிறத்தில், சுருண்டு, பளபளவென்று இருந்தது. முதல் வாயிலேயே ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது.

"கழுத்துப் பட்டைக்கு வாங்கினதுங்க. நிஜ முடி இல்ல, பிளாஸ்டிக்தான்," என்றாள் என் மனைவி.

பிளாஸ்டிக் என்றால் விழுங்கலாம் என்பது போலச் சொன்னாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு அது மூன்றாவது தட்டு.

நான் டைல்ஸ் போடுகிறவன். இருபத்திரண்டு வருடமாக முட்டி போட்டு, ஒரு நூல் அளவு கோணல் என்றாலும் பெயர்த்துப் போடுகிற ஆள். சுத்தம், நேர்கோடு, ஒழுங்கு இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். நாற்பது வயதுவரை சட்டைப் பித்தான் அறுந்தால் என் அக்காவிடம் கொடுத்துத் தைத்து வாங்கியவள். திடீரென்று ஒருநாள் யாரோ ஒருத்தி பழங்காலத்து உடுப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிற வீடியோவைப் பார்த்தாள். அதோடு வீடு தலைகீழானது.

அவள் தைக்க நினைத்தது ஒரு காவல் தளபதியின் நீண்ட கோட்டு. கோட்டின் வெட்டு நானூறு வருடத்துக்கு முந்தையதாம். தோளில் வருகிற செதில்களும் கழுத்தைச் சுற்றிய நரிமுடியும் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் இருந்ததில்லை, அது கற்பனையாம். சரித்திரத்தில் பாதி, கனவில் பாதி. "எந்த ராஜ்யத்துக்குத் தளபதி?" என்று கேட்டேன். "இன்னும் பேர் வைக்கல," என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வீடு இரண்டே அறை. காலை எடுத்து வைத்தால் குண்டூசி. சோபாவில் உட்கார்ந்தால் ஊசி. செதிலுக்காக ரப்பர் பாயை வெட்டி, சூடு காட்டி, பசை வைத்து ஒட்டினாள். எரிந்த செருப்பு நாற்றம் தலையணை உறைவரை ஏறியது. எல்லாவற்றிலும் மோசம் அந்தப் பழைய கோட்டு. பித்தானுக்காகப் பழைய துணிச் சந்தையிலிருந்து யாரோ போட்டுக் கழித்த கோட்டை வாங்கி வந்தாள். அக்குளில் மஞ்சள் கறை. பையில் கையை விட்டால் மடித்த கைக்குட்டை ஒன்று, யாருடைய சளியோ காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு அதே கையால் பித்தானை எண்ணினாள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. அன்றைக்கு அவள் கொடுத்த டீயை வாங்கி, அவள் திரும்பியதும் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

"இதை எவளாவது தையல்காரிகிட்ட குடுத்தா நாலு நாள்ல முடிச்சுத் தருவா. எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாசக் கடைசியில வேஷ உடுப்புக் கண்காட்சி இருக்குங்க. அதுல முதல் தடவை தைக்கிறவங்களுக்குன்னு தனியா ஒரு வரிசை வச்சிருக்காங்க. ஒரே ஒரு விதிதான், முழுசும் சொந்தக் கையால செஞ்சிருக்கணும். நான் செஞ்ச எதையும் யாரோ ஒருத்தர் சரி பண்ணித்தான் முடிச்சிருக்காங்க. இதை மட்டும் நானே ஆரம்பிச்சு நானே முடிக்கணும். நல்லா வருதோ இல்லையோ, வேற யார் கையும் படக் கூடாது."

யாரோ ஒருத்தர் என்று அவள் சொன்னது என்னைத்தான். அவள் துணி மடித்தால் நான் பிரித்து மறுபடி மடிப்பேன். அவள் கூட்டின தரையை நான் இன்னொரு தடவை கூட்டுவேன். பொட்டலம் கட்டினால் முடிச்சை அவிழ்த்து என் முடிச்சைப் போடுவேன். திட்டமாட்டேன், குரலைக்கூட உயர்த்தமாட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்வேன், அவ்வளவுதான். அதையே பெருமையாக நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை முழுக்கப் பச்சை வெல்வெட்டை விரித்தாள். கடையில் கடைசியாகக் கிடந்த துண்டு அது, இனி அந்த நிறம் வராது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கோட்டின் கீழ்ப்பாகத்துக்கு எட்டுத் துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருக்கும். எட்டையும் செய்தித்தாளில் வெட்டி வெல்வெட்டின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க டம்ளர்களைக் கவிழ்த்தாள். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை வைத்தாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் மழுங்கிக் கிடக்கிறதென்று சாணை பிடிக்க எடுத்துக்கொண்டு போனாள்.

"பாத்ரூம் போகணும்னா ஓரமா சுத்திப் போங்க. மிதிச்சிடாதீங்க," என்று வாசலில் நின்று சொன்னாள்.

நான் ஓரமாகத்தான் போனேன். திரும்பி வரும்போது பார்த்தேன். எட்டுத் துண்டும் ஒரே பக்கம் தலை வைத்து, வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் முக்கோணம் முக்கோணமாக வெல்வெட் வீணாகக் கிடந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம் என்றால் ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக வைத்து அடுக்க வேண்டியதுதானே? எங்கள் தொழிலில் நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியுமே. கை துறுதுறுவென்றது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டம்ளர்களை எடுத்தேன். நாலு தாளைத் திருப்பினேன். ஒன்றோடு ஒன்று இடித்தாற்போல் அடுக்கினேன். கச்சிதமாக ஒரு மீட்டருக்கு மேல் துணி மிஞ்சியது. எழுந்து நின்று பார்த்தபோது, அந்த வீட்டில் பல வாரத்துக்குப் பிறகு ஒரு பொருளைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரவில்லை.

அவள் வந்தாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இது இப்படியாங்க இருந்துச்சு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்ப மாற்றுவாள், வீடியோவில் சொன்னபடிதான் வேண்டும் என்பாள், துணி வீணாகும். "காத்துல பறந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன்," என்றேன்.

"வச்ச மாதிரியேவா வச்சீங்க?"

"அப்படியேதான். ஏன்?"

"இல்ல, எல்லாம் ஒரே பக்கம் பார்த்த மாதிரி ஞாபகம்..."

"நீ வச்சதுதானேம்மா. மூணு மணி நேரம் குனிஞ்சு வச்சுட்டு உனக்கே மறந்துபோச்சா? கண்ணு சரியில்லையா, மண்டை சரியில்லையா?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "மறந்துதான் போச்சு போல. பாருங்க, ஒரு மீட்டர் மிஞ்சியிருக்கு! நல்லாத்தான் வச்சிருக்கேன்." உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் இன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

பத்து நாள் தைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. தரையிலேயே வைத்துத் தைத்ததால், ஒவ்வொரு துண்டையும் மடியில் போட்டு மூட்டியதால், கோணம் மாறி மாறிக் கிடந்த துணியில் எந்த வித்தியாசமும் கண்ணில் படவில்லை. கடைசித் தையல் போட்ட அன்று மாலை, போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நான் கதவருகில் இருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

நாலு துண்டு வெளிர்பச்சை. நாலு துண்டு கரும்பச்சை. மாறி மாறி வந்திருந்தாலாவது வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். முன்னால் மூன்று கறுத்து, இடது பக்கம் முழுக்க வெளுத்து, பின்னால் நடுவில் ஒன்று மட்டும் தண்ணீரில் நனைந்தது மாதிரி இருந்தது. யாரோ ஊறவைத்துக் கசக்கிப் போட்ட திரைச்சீலை போலிருந்தது. பார்க்கவே அசிங்கம்.

கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். இஸ்திரி போட்டாள். அந்த இடத்தில் துணியின் முடி நசுங்கி வழுக்கையானது. அழுதுகொண்டே கொம்பு மேடத்துக்கு வீடியோவில் போன் பண்ணினாள். கொம்பு மேடம் என்பது அந்தக் கண்காட்சியை நடத்துகிற அம்மாள். பகலில் வங்கி மேலாளர், ஒரு வருடக் கண்காட்சியில் தலையில் மான்கொம்பு வைத்து நடந்ததிலிருந்து இந்தப் பெயர்.

"அழாத. இடுப்புலேருந்து கீழ்ப்பக்கமா கையால தடவு," என்றது போன். "வழவழன்னு போகுதா?"

"போகுது மேடம்."

"இப்ப அந்தக் கறுத்த துண்டைத் தடவு. எப்படி இருக்கு?"

"கையைத் தடுக்குது. சொரசொரன்னு..."

"அவ்வளவுதான் விஷயம். வெல்வெட்டுல முடி ஒரே பக்கமா சாஞ்சிருக்கும். அதனாலதான் எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் தலை வச்சு வெட்டணும். நீ நாலைத் தலைகீழா வெட்டியிருக்க. புதுசா தைக்கிறவங்க துணியை மிச்சம் பிடிக்கலாம்னு பண்ற தப்பு. எல்லாரும் பண்றதுதான்."

நான் பாத்ரூம் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டைல்ஸின் பின்பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே திசை பார்க்கவேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் படும்போது தரை திட்டுத்திட்டாகத் தெரியும். அம்பைப் பார்க்காமல் போட்ட ஒருவரை, என்னைவிடப் பத்து வயது மூத்தவரை, வீட்டுக்காரர் முன்னாலேயே நிற்கவைத்து ஒரு கூடம் முழுவதையும் பெயர்க்கச் சொன்னவன் நான். கண் என்ன முதுகிலா இருக்கு என்று கேட்டவன்.



அவள் போனை வைத்துவிட்டு வந்தாள். "மன்னிச்சிடுங்க. வீட்டையே நாறடிச்சு, உங்களைச் சாப்பிட விடாம பண்ணி, கடைசியில இப்படிப் பண்ணிட்டேன்," என்றாள்.

"பரவால்ல விடு," என்றேன் நான். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்குத் தட்டில் முடி இல்லை. ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

அதன்பின் அவள் மாறினாள். கதவைப் பூட்டிவிட்டு மாடிப்படி பாதி இறங்கியவள் திரும்ப ஏறி, இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். "நான் உப்பு போட்டேனாங்க?" என்று அடுப்பிலிருந்து கேட்பாள். கிளினிக்கில் ஒவ்வொரு டோக்கனையும் இரண்டு தடவை சரிபார்ப்பதாகவும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதாகவும் சொன்னாள். "என்னமோ தெரியல, என் ஞாபகத்தை நம்பவே பயமா இருக்கு. அன்னைக்குத் தாளை வச்சது இன்னமும் கண்ணுல நிக்குது, எல்லாம் ஒரே பக்கமா. ஆனா அப்படி இல்லையே." நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். என் வாயிலிருந்தே எனக்கு நாற்றம் அடிப்பது போலிருந்தது.

நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தினால் நான் பிழைத்தேன், கோட்டு மூட்டைக்குள் போய்விடும், விஷயம் மறந்துவிடும். இதற்கு ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நிறுத்தவில்லை. செதிலைக் கோட்டின் தோளில் பொருத்தினாள், நரிமுடியை வைத்துத் தைத்தாள், பித்தான் இருபத்தொன்றையும் தைத்து முடித்தாள். "தப்போடவே போட்டுட்டுப் போறேன். செஞ்சது நான், தப்பும் நான்தான்," என்றாள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில். மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையை உடுப்பு மாற்றக் கொடுத்திருந்தார்கள். உள்ளே வியர்வையும் பசையும் முகப்பூச்சும் கலந்து ஒரு நெடி. ஒருவர் முதுகில் கிழிந்த இறக்கை, ஒருத்தியின் தாடி பாதி உரிந்து தொங்கியது. எனக்கு மூச்சுமுட்டியது. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் அட்டை குத்தியிருந்தது. அதில் 'வெட்டியதும் தைத்ததும் நானே' என்று அச்சடித்து, கீழே கையெழுத்து.

என் மனைவி சுவரைப் பார்த்து நின்று, மேடையில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "வணக்கம். இதுதான் நான் முதல்ல தச்சது. இந்த நாலு துண்டும் தலைகீழா இருக்கு. நான் சரியா வச்சதா நினைச்சேன், ஆனா தப்பா வச்சிருக்கேன். இனிமே வைக்கிறதை ரெண்டு தடவை பார்ப்பேன்." மறுபடி ஆரம்பத்திலிருந்து. "நான் சரியா வச்சதா நினைச்சேன், ஆனா தப்பா வச்சிருக்கேன்."

மூன்றாவது முறை கேட்டபோது என்னால் முடியவில்லை.

"நீ சரியாத்தான் வச்ச," என்றேன்.

திரும்பினாள்.

"நான்தான் மாத்தி வச்சேன். துணி வீணாகுதேன்னு... நாலைத் திருப்பி வச்சேன்."

"காத்துல பறந்துச்சுன்னு சொன்னீங்க."

"காத்தெல்லாம் இல்ல."

"ஃபேன் ஓடுச்சா?"

"இல்ல."

அவள் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய கோட்டின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தபோதுகூட அவள் முகம் அப்படிச் சுளித்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. ஏதாவது கேட்பாள், கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். வெளியே அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். நெஞ்சிலிருந்த அட்டையைக் கையால் பிடித்து, 'வெட்டியதும்' என்ற வார்த்தையை அடித்தாள். பேனாவை என்னிடம் தரவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் சுற்றிப் போய் அரங்கின் ஓரத்தில் நின்றேன். மேடை வெளிச்சத்தில் கோட்டு இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. ஆனால் அவள் நடந்தது ஒரு தளபதியின் நடை. கொம்பு மேடம் மைக்கோடு பக்கத்தில் வந்து அட்டையைக் குனிந்து படித்தார்.

"இதென்ன, வெட்டியதும்ங்கிறதை அடிச்சிருக்கீங்க?"

"வெட்டினது நான்தான் மேடம். ஆனா துணி மேல நான் தாளை ஒரு மாதிரி வச்சேன். நான் வெளிய போன நேரத்துல என் வீட்டுக்காரர் அதை மாத்தி வச்சுட்டார். அதான் நாலு துண்டு தலைகீழா வந்திருக்கு."

அரங்கமே சிரித்தது. வீட்டுக்கு வீடு நடக்கிற வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். கொம்பு மேடமும் சிரித்தார். "எங்க வீட்டுல இருக்கிறவர் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்! எங்க உங்க வீட்டுக்காரர்? ஆசையா உதவி பண்ண வந்த மனுஷன். அவருக்கு ஒரு கைதட்டல் குடுங்க!"

தட்டினார்கள். யாரோ கையை நீட்டி என்னைக் காட்ட, முன்வரிசையில் தலைகள் திரும்பின. பக்கத்தில் ஒருவர் நின்றார், அவருடைய மகள் தகரக் கவசம் போட்டுக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தாள். அவர் என் தோளில் கையைப் போட்டு அணைத்தார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. நான் ஊசியில நூல்கூடக் கோத்துக் குடுத்ததில்ல," என்றார். என் முகம் என்னைக் கேட்காமலே சிரித்தது. ஒரு கையைக்கூடத் தூக்கிக் காட்டினேன். அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும்.

"தட்டாதீங்க," என்றாள் என் மனைவி, மைக்கில்.

கைதட்டல் அங்கங்கே விட்டு விட்டு நின்றது.

"மாத்தவே இல்லன்னு சொன்னாரு. நீ வச்ச மாதிரியேதான் இருக்கு, உன் கண்ணுதான் சரியில்லன்னு சொன்னாரு. நான் நம்பினேன். போன வாரம் அவருக்குத் தெரியாம கண் டாக்டர்கிட்ட போயி, சொட்டு மருந்து விட்டு, ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியாம பெஞ்சுல உக்காந்திருந்தேன். அப்புறம் தலைக்கு ஸ்கேன் எடுக்கணுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

மைக்கை மேடத்திடம் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கினாள். சிரித்தவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். எடுத்து, தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.